கட்டுப்பாட்டுத் தொட்டியில் முட்டை ஓடு

அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

பள்ளியின் அறிவியல் சோதனையைப் பார்க்க வந்த குழுவின் தலைவி அவர். எங்கள் பள்ளிக்கு வந்த எந்தக் குழுவும் அதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை. குழு என்றால் நாற்காலியில் உட்காரும். இளநீர் குடிக்கும். இரண்டு பிள்ளைகளிடம் பெயர் கேட்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். இந்த அம்மாவோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டு மண்தொட்டிகளின் முன்னால், நாற்று நட உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

தொட்டிகளில் வெண்டைச் செடி. இடது வரிசை ஆறில் நீல எனாமல் பெயின்டில் ‘சோதனை’. வலது வரிசை ஆறில் அதே நீலத்தில் ‘கட்டுப்பாடு’. இரண்டு வரிசைக்கும் பின்னால், எச்.எம். முகத்தை ஓரத்தில் வட்டமாகப் போட்ட பிளக்ஸ் பேனர் ஒன்று காற்றில் வயிறு புடைத்து நின்றது. ‘மண்புழு உரம் இட்ட செடிகள் உயரமாக வளர்ந்தன’ என்று அதில் கொட்டை எழுத்து.

“சார், பேனர்ல உரம் போட்டது உசரம்னு இருக்கு. இங்க கட்டுப்பாடுதானே ஒரு சாண் உசரமா நிக்குது?” என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து.

என் முதுகில், சட்டையும் பனியனும் ஒட்டியிருந்த இடத்தில், ஒரு கிள்ளு விழுந்தது. எச்.எம். கலியபெருமாளின் கிள்ளு. ‘எதையாவது சொல்லும்’ என்பதற்கு அவரிடம் அது ஒன்றுதான் மொழி.

முந்திரி மரத்தடியில் பவுனம்மா சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியைப் பெருக்கிக் கழுவுகிறவர். நிரந்தர வேலை இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை எச்.எம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷம் வேலை உண்டு, போடாவிட்டால் இல்லை. அந்தத் தாள் அன்று எச்.எம். மேஜைமேல் கிடந்தது. நான் உண்மையைச் சொன்னால் அது அப்படியே கிடக்கும்.

முந்திரிப் பூ வாசம் வந்தது. அந்த நேரத்திலும் மூக்கு தன் வேலையைச் செய்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாலாவது உறுப்பு

பெரம்பலூரில் நான் படித்த பள்ளியைப் பற்றிச் சில வாரம் முன்பு இதே தொடரில் எழுதியிருந்தேன். ‘அந்தக் காலத்தில் உயிரியல் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கற்றுக்கொடுக்கவில்லை அம்மா. நகலெடுத்தோம்.

பாடப்புத்தகத்தின் முதல் பாடத்திலேயே அறிவியல் முறை வந்துவிடும். உற்றுநோக்கு, கேள்வி கேள், கருதுகோள் அமை, சோதித்துப் பார், முடிவுக்கு வா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பெட்டி கீழ்நோக்கி ஓர் அம்பு. மழைநீர் கூரையிலிருந்து இறங்குகிற மாதிரி அறிவு இறங்கி வரும்.

எங்கள் ரெக்கார்டு நோட்டில் அம்பு மேல்நோக்கிப் போகும். முடிவைத்தான் முதலில் எழுதுவோம். காரணம், அது இரண்டே வரி. பிறகு முடிவுக்குப் பொருத்தமாகக் காண்பன. காண்பனவற்றுக்குப் பொருத்தமாகச் செய்முறை. சோதனையைச் செய்ய நேரமிருந்தால் செய்வோம்.

வெங்காயத் தோல் செல் பார்க்கும் நாள் வந்தது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். சந்தைப் பக்கம் நடந்தாலே செருப்பில் சருகு ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு வெங்காயம் உரித்தோம். நாற்பது பேர் அழுதோம். ஒரே மைக்ராஸ்கோப். என் முறை வந்தபோது கண்ணீருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான் பார்த்தது ஒரு காற்றுக் குமிழியை மட்டுமே. அதை வரைந்தால் மார்க் வராது. முந்தின வருஷத்து அண்ணன் ஒருவரின் நோட்டை வாங்கி வரைந்தோம்.

அந்த நோட்டில் செல் சுவர் இருந்தது, உட்கரு இருந்தது, சைட்டோபிளாசம் இருந்தது. மூலையில் பழுப்பாக, ஓரம் கொஞ்சம் நெளிந்த வட்டம் ஒன்றும் இருந்தது. அதற்குப் பெயர் போட்டிருக்கவில்லை. நாற்பது பேரும் அதையும் வரைந்தோம், பழுப்புப் பென்சிலால், நெளிவு மாறாமல்.

அது டீக்கறை என்பது எனக்குத் தெரிந்தபோது நானே பாட்டனி வாத்தியாராகி வெகுகாலம் ஆகியிருந்தது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. உடையார்பாளையம் பக்கம் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் ஒரு ரெக்கார்டு நோட்டில் அதே வட்டத்தைப் பார்த்தேன். எந்தக் கல்யாணத்தில் எந்த நோட்டு எங்கே கைமாறியதோ, டீக்கறை மாவட்டம் தாண்டி வந்திருந்தது. இப்போது அதற்கு ஒரு பெயரும் இருந்தது: ‘சேமிப்பு உறுப்பு’. நான் அதற்குச் சிவப்பு மையில் சரி போட்டேன். என் சரிக்குக் கீழே எச்.எம். கையெழுத்துப் போட்டார்.

எச்.எம். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முந்நூறு நோட்டை அடுக்கி வைத்தால், ஒரு டீ ஆறுவதற்குள் முந்நூறுக்கும் போட்டுவிடுவார். ஒருவர் பக்கத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கண் ஜன்னல் வழியாக விளையாட்டுத் திடலில் இருக்கும். பிள்ளைகள் ஒருமுறை நடுவில் ஒரு திருமணப் பத்திரிகையைச் செருகி வைத்தார்கள். அதிலும் பச்சை மையில் ‘சரிபார்க்கப்பட்டது’ விழுந்தது.

பேனர் முதலில் வந்தது

இந்த வெண்டைக்காய் விவகாரம் நடந்து சில வருஷம்தான் ஆகிறது. பொங்கல் முடிந்த ஒரு திங்கட்கிழமை. ‘அறிவியல் முறையைச் செய்து காட்டுங்கள், குழு வந்து பார்க்கும், பரிசும் உண்டு’ என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. எச்.எம். ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

“பாட்டனி சார், ரெண்டு தொட்டி வைங்க. ஒண்ணுக்கு மண்புழு உரம், ஒண்ணுக்கு இல்ல. போட்டது வளரும். முடிஞ்சுது.”

“வளருதான்னு பாத்துட்டு…”

“வளராம எங்க போவும்?”

அன்று மதியமே ஜெயங்கொண்டத்துக்கு ஆளனுப்பிப் பேனர் அடித்துவிட்டார். விதை இன்னும் பாக்கெட்டில் இருந்தது. முடிவு சுருட்டிய நிலையில் என் அறைக்கு வந்து சேர்ந்தது, புது பிளாஸ்டிக் வாசத்தோடு.

விலங்கியல் எடுக்கிற சகாயமேரி டீச்சர் வரதராஜன்பேட்டைக்காரர். வாத்தியார்களே நிறைந்த குடும்பம் என்பதால் எந்த எச்.எம்.மைக் கண்டும் பயமில்லை. பேனரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “பரவால்ல சார். குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சு” என்றார்.

ஆனாலும் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒன்றுக்கு ஒன்று போதாது என்று ஆறுக்கு ஆறு வைத்தேன். ஒரே செம்மண், ஒரே விதை, ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். வித்தியாசம் உரம் மட்டும். உரம் போடாத வரிசை எதற்கு என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன்: “மத்ததெல்லாம் சமமா இருந்தாத்தான் எது வேலை செய்யுதுன்னு தெரியும். அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு.”

அந்தச் சொல்லை வெள்ளைச் சீட்டில், நான் மிகவும் மெச்சிக்கொள்ளும் என் கையெழுத்தில், ஆறு முறை எழுதி ஒட்டினேன். டகர ஒற்றின் புள்ளியைக்கூட நட்சத்திரம் மாதிரி வைத்தேன். சொற்களை உதறிப் பார்த்து, மோந்து பார்த்து வைக்கிற ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தச் சொல் இந்தப் பக்கத்துத் தெருக்களில் எப்படி நடமாடுகிறது என்று ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்கவில்லை.

வளரக் கூடாதது வளர்ந்தது

முதல் வாரம் எல்லாம் இரண்டிலை விட்டன. இரண்டாம் வாரம் சமம். மூன்றாம் வாரம் கட்டுப்பாடு தலைதூக்கியது.

தலைதூக்கியது என்றால் சும்மா இல்லை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கரும்பச்சை. காலையில் அவற்றின்மேல் வெயில் விழும்போது எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி மினுமினுத்தன. உரம் போட்ட ஆறும் பக்கத்தில் ஏக்கமாக நின்றன.

அளவுகோலும் நோட்டுமாக வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

“எதை சார் எழுதறது? பேனர்ல இருக்கறதையா, ஸ்கேல்ல இருக்கறதையா?”

இருபது வருஷப் பணியில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் அறிவியல் கேள்வி அது. “பென்சில்ல எழுதுங்க” என்றேன்.

இதற்கிடையில் விவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: ‘கருதுகோள் நிரூபிக்கப்பட்டதா?’ பக்கத்தில் அம்புக்குறியைத் தொட்டால் இரண்டு விடைகள் இறங்கின. ‘ஆம்’, ‘முழுமையாக ஆம்’.

எச்.எம். தொட்டிகளைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். “யாரோ விளையாடுறான் சார்” என்றார். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

“அந்தச் செடியில எவன் கை வச்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும். புள்ளையா இருந்தா டி.சி. வேலை செய்யற ஆளா இருந்தா, அடுத்த வருஷம் வேலைக்கு வர வேண்டாம். கையெழுத்து போடறது நான்.”

கடைசி வரிசைக்குப் பின்னால், கழுவின தரை காய்வதற்காக நின்றிருந்த பவுனம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

நாலு எழுத்து

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். யார் என்று கண்டுபிடிக்கத்தான். அதுவும் உற்றுநோக்கல்தானே.

சத்துணவுக் கூடத்திலிருந்து பவுனம்மா வாளியோடு வந்தார். இடது வரிசைக்குப் போனார். முதல் தொட்டியில் வெள்ளையாக ஏதோ ஊற்றினார். மடியிலிருந்து நொறுக்கிய முட்டை ஓட்டை எடுத்து, கோலமாவு விடுகிற மாதிரி வேரைச் சுற்றி விட்டார். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. வலது வரிசையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைசியாக உர மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி அதையும் ஆறுக்கும் பங்கிட்டார்.

“பவுனம்மா.”

வாளி கீழே விழவில்லை. அவர் மெதுவாகத்தான் திரும்பினார்.

“வந்துட்டீங்களா சார். நேத்து அரிசி களைஞ்ச தண்ணிங்க. சும்மா சாக்கடையிலதான் போவுது.”

“இந்த ஆறுக்கு மட்டும் ஏன்?”

“அதுல எழுதியிருக்குல்லங்க.”

“என்ன எழுதியிருக்கு?”

ஈர விரலை என் நட்சத்திரப் புள்ளியின்மேல் வைத்து ஓட்டினார். “கட்டுப்… பாடு. எனக்கு நாலு எழுத்துதான் தெரியும் சார். இதைப் படிக்க அதுவே வேண்டாம்.”

அவரே சொன்னார். வேறு யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி, வாளியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு.

“எங்க ஊர்ல எங்க வூட்டைக் கட்டுப்பாடு பண்ணி வச்சாங்க. எட்டு மாசம். எங்க வூட்டுக்காரரு ஆலைக்கு வேலைக்குப் போனாரு. இனிமே சாவுக்கு மேளம் அடிக்க வர மாட்டேன்னுட்டாரு. அவ்வளவுதான் தப்பு. கடையில சாமான் கிடையாது. பால் கிடையாது. பேசினவங்களுக்கு அபராதம். பைப்புல கொடத்தை வச்சா எடுத்து ஓரமா வச்சிடுவாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சிரிக்கக்கூட மாட்டாங்க. பெரியவளுக்கு அப்ப மூணு வயசு.”

“தண்ணிக்கு என்ன பண்ணினீங்க?”

“வெளிச்சம் வர்றதுக்கு முன்ன கொல்லையில ஒரு கொடம் நெறைய இருக்கும் சார். மேல வேப்பங்கொத்து போட்டு மூடியிருக்கும். தெனமும். யாரு வச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“நீங்க பாக்கலையா? ஒருநாள் முழிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே?”

“தேடலங்க. தேடிக் கண்டுபுடிச்சா அவங்க பேரு வெளிய வந்துடும். அப்புறம் அவங்களுக்கும் கட்டுப்பாடு.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாத்தியார் புத்தி போகாமல், அறிவியலில் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப ஒண்ணுக்குப் போட்டுட்டு ஒண்ணை வுட்டுட்டா என்னா ஆவும்னு பாக்கறீங்க?”

“ஆமா.”

“எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே சார்.”

குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தேன். தண்டு தடித்து, சொரசொரப்பாக இருந்தது.

“கூட்டத்துல எச்.எம். சொன்னதைக் கேட்டீங்கள்ல? தெரிஞ்சா வேலை போயிடும் பவுனம்மா. வேணாம்.”

கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்தார். “செரி சார். இந்த ஆறு தொட்டிக்கும் இனிமே ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்.”

அவர் அந்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

எச்.எம். செய்த ஆராய்ச்சி

அன்று மதியம் எச்.எம். என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“தீர்வு கண்டுபுடிச்சுட்டேன் சார். செடியை ஏன் மாத்தணும்? சீட்டை மாத்துங்க.”

“புரியல சார்.”

“உசரமா இருக்கறதுல சோதனைன்னு ஒட்டுங்க. குட்டையா இருக்கறதுல கட்டுப்பாடுன்னு ஒட்டுங்க. பேனர் சரியாப் போச்சு. நீங்க என்னத்தை பி.எஸ்சி. படிச்சீங்க?”

“அது பொய்யில்லையா சார்?”

“சீட்டுதானே சார் மாறுது. செடி செடியாத்தானே இருக்கு.”

சகாயமேரி டீச்சரிடம் சொன்னேன், பவுனம்மா சொன்ன கதை உட்பட. அவர் திருத்திக்கொண்டிருந்த பேனாவை மூடினார். “நீங்க மாட்டேன்னா வேற ஆளை வச்சு மாத்துவாரு. அதோட, யாருன்னு தோண்ட ஆரம்பிப்பாரு. மாத்திடுங்க சார். பாவத்துக்கு நான் ஞாயித்துக்கிழமை பூசையில சேர்த்து மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

மாற்றினேன். எச்.எம்.முக்கு அது போதவில்லை. இனி எந்தப் பயலும் சீட்டைக் கிழித்து ஒட்டிவிடக் கூடாது என்று எனாமல் பெயின்ட் வாங்கி வரச் சொல்லி, தொட்டியிலேயே எழுதவைத்தார். தன் மோசடியைத் தானே அழியாத மையில் முத்திரை போட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. முடிவு வந்துவிட்டால் காண்பனவற்றை யார் காண்பார்?

குழுவின் வருகை இரண்டு முறை தள்ளிப் போனது. முதல் முறை குழுவுக்கு வேறு குழுவில் வேலை. இரண்டாம் முறைக்குக் காரணம் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில்தான் கவனித்தேன். புதிதாகக் ‘கட்டுப்பாடு’ ஆன குட்டைச் செடிகளின் வேரடியில் வெள்ளையாக ஏதோ மின்னியது. குனிந்தேன். முட்டை ஓடு.

உயரமாக இருந்த பழைய ஆறுக்கும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை, சொன்ன சொல் மாறவில்லை. யாரோ இப்போது இந்த ஆறையும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று பவுனம்மா நினைத்திருக்கிறார். குட்டையாக இருந்தவை விறுவிறுவென்று எழுந்தன. உயரமானவை திகைத்து நின்றன. பங்குனி வெயில் ஏறுவதற்குள் கட்டுப்பாடு மறுபடியும் ஒரு சாண் முந்திவிட்டது.

நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உரம் மாறவில்லை, மண் மாறவில்லை, ஆள் மாறவில்லை. பெயரை மட்டும் மாற்றினோம், வளர்ச்சி பெயரின் பின்னாலேயே போனது. எங்கள் பள்ளியில் நடந்த முதல் ஒழுங்கான சோதனை அது. அதைச் செய்தவர் எச்.எம்., செய்கிறோம் என்று தெரியாமல்.

யாரோ

இப்போது அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்ட இடத்துக்கு வருகிறேன்.

கிள்ளு இன்னும் முதுகில் இருந்தது. பிளக்ஸ் படபடத்தது. சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போய்த் தீரும்வரை எனக்கு நேரம் கிடைத்தது.

“நடுவுல பேரை மாத்தினோம் மேடம்” என்றேன்.

கிள்ளு இறுகியது.

“மாத்தினீங்களா?”

“முதல்ல இந்த வரிசை கட்டுப்பாடு. அது ஓங்கி வளந்துச்சு. அப்புறம் பேரை இடம் மாத்தினோம். இப்ப அந்த வரிசை கட்டுப்பாடு, அதுதான் வளருது. செடியை வளக்கறது இங்க உரம் இல்ல மேடம். தொட்டியில எழுதியிருக்கற வார்த்தை.”

“பேரை மாத்திப் பாக்கறது யாரு யோசனை?”

“எச்.எம். யோசனை மேடம்” என்றேன். அதுவரை நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

கிள்ளு விட்டது. எச்.எம். ஒரு அடி முன்னால் வந்து, தொண்டையைக் கனைத்து, “ஆமாங்க மேடம். நமக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தானே அறிவியல்” என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. செடியின் வேரடியிலிருந்து ஒரு சின்னத் துண்டை நகத்தால் எடுத்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“முட்டை ஓடு. அப்ப யாரோ கட்டுப்பாடுன்னு படிச்சுட்டு இதுக்கு மட்டும் போடறாங்க. யாரு சார்?”

முந்திரி மரத்தடியில் விளக்குமாறு நின்றுவிட்டது.

“தேடல மேடம்.”

“ஏன்?”

சகாயமேரி டீச்சர் குறுக்கே வந்தார். “தேடிக் கண்டுபுடிச்சா அவங்க நிறுத்திடுவாங்க மேடம். அப்புறம் சோதனை கெட்டுடும்.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முழுச் சிரிப்பு இல்லை, பாதி. எடுத்த ஓட்டுத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்து, விரலால் மண்ணை மூடினார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அடுத்த தடவை அந்த வார்த்தையை மாத்துங்க சார். எங்க ஊர்லயும் அதுக்கு வேற அர்த்தம்தான்.”

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அவர் இளநீர் குடிக்காமல் வண்டி ஏறினார்.

எங்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. சோதனையின் நடுவில் பெயரை மாற்றிப் பார்த்த துணிச்சலுக்காக எச்.எம்.முக்குப் பொன்னாடை. அந்தப் புகைப்படத்தைத் தம் வாட்ஸப்பில் வைத்திருந்தார். ஒரு வாரம் அவரை எதிரில் பார்த்தவர்களுக்கெல்லாம் கருதுகோள் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது.

பச்சை மை

பரிசு வந்த மறுநாள் ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்குப் போயின. முந்நூறு. அடுக்கின் நடுவில், நூற்றைம்பதாவது நோட்டுக்குள், மேஜையில் இன்னும் கையெழுத்தாகாமல் கிடந்த பவுனம்மாவின் தாளைச் சகாயமேரி டீச்சர் செருகினார். திருமணப் பத்திரிகைக்கே கையெழுத்துப் போட்டவர்தானே என்பது எங்கள் கருதுகோள்.

நான்தான் பக்கம் திருப்பினேன். எச்.எம். கண் திடலில் இருந்தது. பச்சை மை ஓடிக்கொண்டே இருந்தது. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்பது.

பேனா நின்றது.

அவர் கண்ணாடியை மாட்டினார். அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தாளை முழுதாகப் படித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார்.

“இதுல பவுனம்மான்னு இருக்கு. போன வருஷத் தாள்ல பவுனாம்பாள்னு இருந்துச்சு. எது சரி?”

“பவுனாம்பாள் சார்.”

அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். “யாரோன்னு போட முடியாதுல்ல” என்றார், என்னைப் பார்க்காமல். அடுத்த நோட்டுக்குக் கையை நீட்டினார்.

புது பெயின்ட்

அடுத்த பருவத்தில் புது விதை போட்டோம். ‘கட்டுப்பாடு’ என்ற பழைய நீலத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, அந்த இடத்தில் ‘ஒப்பீடு’ என்று எழுதினேன். இந்தத் தடவை சொல்லை நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஐந்தாவதாக ஒருவரைக் கேட்கவில்லை.

அவர் வாளியோடு வந்து நின்று, விரலை வைத்து வாசித்தார்.

“ஒப்… பீடு. அப்படின்னா சார்?”

“பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறது.”

“எதுக்கு?”

“ரெண்டுல எது மேலன்னு தெரிய.”

பவுனம்மா விரலை எடுத்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை. அவர் விரல் நுனியில் நீலம் ஒட்டியிருந்தது.

“இதுவும் ஒண்ணும் நல்ல வார்த்தை இல்லியே சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செடிகள் இரண்டிலை விட்ட காலையில் அளவுகோலோடு போனேன். வலது வரிசையில் ஆறு தொட்டியிலும் முட்டை ஓடு. தலையில் கைவைத்துக்கொண்டு இடது வரிசையைப் பார்த்தேன். அங்கேயும் ஆறு தொட்டியிலும் முட்டை ஓடு. தொட்டிக்கு ஒரு பிடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. பன்னிரண்டிலும் அரிசி களைந்த தண்ணீரின் ஈரம் ஒரே உயரத்தில் தெரிந்தது.

மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்றுதானே பாடப்புத்தகமும் கேட்கிறது. அளக்கத் தொடங்கினேன்.